ட்ரோனை முதலில் கணினியில் பறக்கவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குமரி மாவட்டப் பக்கத்தில் மாணவர்கள் செய்த ட்ரோன் பற்றிய செய்திகள் இப்போது அடிக்கடி வருகின்றன. ட்ரோனைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளின் படத்தைப் பார்த்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்தச் செய்திகளில் ஒரு விஷயம் மட்டும் வருவதே இல்லை. இது எத்தனை கிலோ தூக்கும், தூக்கிக்கொண்டு எத்தனை நிமிஷம் நிற்கும், எவ்வளவு காற்று அடித்தால் தாங்கும் என்று யாரும் கேட்பதில்லை. செய்த பிள்ளைகளிடம் கேட்டாலும் "நல்லா பறந்துச்சு சார்" என்பதற்கு மேல் பல நேரம் பதில் இல்லை. நான் தக்கலைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கல் பாடம் நடத்துகிறவன். நம் மாவட்டத்தில் ட்ரோன் செய்யும் முறை எங்கே தேங்கி நிற்கிறது, அதை எப்படிச் சீக்கிரம் மாற்றலாம் என்று எனக்குப் பட்டதை எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நடப்பது இதுதான். கடைசி வருஷ ப்ராஜெக்ட் என்றதும் நாலைந்து பேர் சேர்ந்து காசு போட்டு ஆன்லைனில் ஒரு கிட் வாங்குவார்கள், பிரேம், மோட்டார், ப்ரொப்பெல்லர், பேட்டரி எல்லாம் ஒரே பெட்டியில் வந்துவிடும், வீடியோ பார்த்துப் பூட்டி மைதானத்தில் பறக்கவிடுவார்கள். அது விழும். விழுந்ததும் உடைந்த பாகத்தை ஆர்டர் போட்டு, கூரியர் வரும்வரை ஒரு வாரம் காத்திருந்து, மறுபடி பூட்டி, மறுபடி பறக்கவிட்டு, மறுபடி விழுந்து, அதற்குள் வைவா தேதி வந்துவிடும். ஏன் விழுந்தது என்பதற்கு யாரிடமும் பதில் இருக்காது. இன்னும் சிலர் இந்தக் கஷ்டமே வேண்டாம் என்று ப்ராஜெக்ட் சென்டரில் முழுதாக வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். கூலி வேலைக்கும் கடலுக்கும் போகிற பெற்றோர் கொடுத்த பணம் இப்படி உடைந்த ப்ரொப்பெல்லராகக் குப்பையில் கிடப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

உலகம் முழுக்க ட்ரோன் வடிவமைக்கிறவர்கள் இப்படிச் செய்வதில்லை. முதலில் கணினிக்குள் அந்த ட்ரோனைச் செய்து, கணினிக்குள்ளேயே காற்றடிக்க வைத்து, அங்கேயே கவிழவைத்து, திருத்தி, பிறகுதான் கார்பன் குழாயை வெட்டுகிறார்கள். சிமுலேஷன் என்று சொல்வது இதைத்தான். காற்று, எடை, விசை, அதிர்வு எல்லாவற்றுக்கும் இயற்பியல் விதி இருக்கிறது, அந்தச் சமன்பாடுகளைக் கணினி போட்டுத் தருகிறது, அவ்வளவுதான். இதற்கு லட்சக்கணக்கில் விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டும் என்று நம் ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. அது சரியில்லை. காற்றோட்டம் கணக்கிட ஓப்பன்ஃபோம் 2004 முதல் திறந்த மூல மென்பொருளாக இலவசமாகக் கிடைக்கிறது. இறக்கையின் குறுக்குவெட்டுக்கு அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்து மார்க் ட்ரெலா 1986-இல் எழுதிய எக்ஸ்ஃபாயில் இன்றைக்கும் ஓடுகிறது, சின்ன விமானம் செய்கிறவர்கள் இன்றைக்கும் அதைத்தான் முதலில் திறக்கிறார்கள். உறுதியும் அதிர்வும் பார்க்க கால்குலிக்ஸ், முழு விமானத்தை வடிவமைக்க நாசாவின் ஓப்பன்விஎஸ்பி, பறக்கவிட்டுப் பார்க்க கசீபோவும் ஆர்டுபைலட்டும். ஒன்றுக்கும் காசு கிடையாது.

சரி, இதனால் என்ன லாபம் என்று கேட்டால் ஒரு கணக்கைப் போட்டே காட்டுகிறேன். 4 கிலோ எடையுள்ள ஒரு நாலு மோட்டார் ட்ரோன், 15 அங்குல ப்ரொப்பெல்லர், 22.2 வோல்ட்டில் 10 ஆம்பியர்-மணி பேட்டரி. அந்தரத்தில் நிற்க எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்பதற்குப் பழைய உந்தக் கோட்பாட்டுச் சூத்திரம் ஒன்று இருக்கிறது, அதன்படி குறைந்தபட்சம் ஏறக்குறைய 240 வாட். ப்ரொப்பெல்லர், மோட்டார் இழப்பெல்லாம் சேர்த்தால் 460 வாட் பக்கம் வரும். பேட்டரியில் 80 சதவீதத்தைத்தான் பயன்படுத்தலாம் என்று வைத்தால் 23 நிமிஷம் நிற்கும். இதே ட்ரோனுக்கு 17 அங்குல ப்ரொப்பெல்லர் போட்டால் 26 நிமிஷம். பேட்டரியைத் தொடாமலே 3 நிமிஷம் கூடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டும் பேனாவும் போதும், கடைக்குப் போக வேண்டியதில்லை.

இப்போது அதே 15 அங்குல ட்ரோனில் கடலில் விழுந்தவருக்குப் போடும் மிதவை வளையம் ஒன்றைக் கட்டுங்கள். கப்பல்களில் இருக்கிற முறையான வளையம் குறைந்தது 2.5 கிலோ இருக்க வேண்டும். மொத்தம் 6.5 கிலோ ஆகிறது. எடை ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல்தான் கூடியிருக்கிறது, ஆனால் தேவைப்படும் மின்சாரம் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும், ஏனென்றால் அது எடையின் 1.5 அடுக்குக்கு ஏற்ப, அதாவது எடையைவிட வேகமாக ஏறுகிறது. 23 நிமிஷம் 11 நிமிஷமாகச் சுருங்கும். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அந்தரத்தில் நிற்க வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு உந்துவிசை மோட்டார்களில் கையிருப்பு இருந்தால்தான் காற்றில் ட்ரோன் நிலைகுலையாமல் திரும்பும், அப்படியென்றால் ஒவ்வொரு மோட்டாரும் 3 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டும். கிட்டில் வந்த மோட்டார் அதைச் செய்யுமா என்று வாங்குவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.

இன்னொன்றையும் இதே கணக்கு சொல்கிறது, எனக்கு இது ரொம்ப முக்கியமாகப் படுகிறது. 6.5 கிலோவை அந்தரத்தில் தூக்கி நிறுத்த வேண்டுமானால் காற்றைக் கீழ்நோக்கித் தள்ளியாக வேண்டும். அந்தக் காற்று ட்ரோனுக்குக் கீழே மணிக்கு 55 கிலோமீட்டர் வரை வேகம் எடுக்கலாம். தண்ணீரில் தத்தளிக்கிற ஒரு மனிதனின் தலைக்கு மேலே தாழ்வாகப் போய் நின்றால் என்ன ஆகும்? தண்ணீர் சிதறி மூக்கிலும் வாயிலும் அடிக்கும், அவருக்கு மூச்சு விடுவதே கஷ்டமாகிவிடும். அப்படியானால் எவ்வளவு உயரத்தில் நின்று வளையத்தை விட வேண்டும், நேர் மேலே நிற்பதா, காற்றடிக்கும் பக்கம் தள்ளி நிற்பதா, கயிற்றில் இறக்குவதா? கடலில் ஆளை இறக்கிச் சோதித்துப் பார்க்கும் காரியமா இது? ஓப்பன்ஃபோமில் ப்ரொப்பெல்லரை ஒரு தட்டாக வைத்துக் கீழே போகும் காற்றை வரையலாம். ப்ரொப்பெல்லரின் ஒவ்வொரு இதழையும் மெஷ் போட்டு, அதாவது சுற்றியுள்ள இடத்தைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, சுழலவிட்டால் துல்லியம் கூடும், ஆனால் நல்ல கணினியிலும் மணிக்கணக்கில், சில நேரம் நாள்கணக்கில் ஓடும். தட்டாக வைத்தால் சீக்கிரம் முடியும், உயரத்தை முடிவு செய்ய அதுவே போதும். எந்தக் கேள்விக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும் என்று தெரிந்து வேலை செய்வதுதான் இங்கே நேரத்தை மிச்சப்படுத்துகிறது.

மிதவை வளையத்தை நான் சும்மா உதாரணத்துக்காக எடுக்கவில்லை. தேங்காப்பட்டணம் மீன்பிடித் துறைமுக முகத்துவாரத்தில் மணல் மேடு தட்டி, அலை சுருட்டி அடித்து, வள்ளம் கவிழ்ந்து எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று உங்கள் நிருபர்களுக்கே தெரியும். கரையில் நிற்கிறவர்கள் கண்ணெதிரே நடக்கிற விபத்து அது. அலை அடங்காதபோது இன்னொரு வள்ளம் கிட்டே போக முடியாது. தூண்டில் வளைவின் முனையிலிருந்து சில நூறு மீட்டர்தான். வினாடிக்கு 15 மீட்டர் போகிற ட்ரோன் அரை நிமிஷத்தில் அங்கே நிற்கும், 11 நிமிஷ பேட்டரி அதற்குத் தாராளம். இப்படி ஒரு ட்ரோனை வேறு யாரோ எங்கேயோ செய்து நமக்கு விற்க வேண்டும் என்ற அவசியம் என்ன? நம் பிள்ளைகளால் முடியும். ஆனால் அது அமைதியான காலை நேரத்தில் கல்லூரி மைதானத்தில் பறந்தால் போதாது, வள்ளம் கவிழ்கிற அந்தக் காற்றிலும் அந்தச் சாரலிலும் பறக்க வேண்டும்.

நம் மாவட்டத்துக் காற்று சாதாரணக் காற்று இல்லை. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நின்று பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்தில் தென்மேற்குக் காற்று இடைவெளியில் நெருக்கிக்கொண்டு புகுவதால்தான் முப்பந்தலில் நாட்டின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுப்புகளில் ஒன்று நிற்கிறது. காற்றின் வேகம் 20-இலிருந்து 40 கிலோமீட்டர் ஆனால் ட்ரோன் மேல் விழும் விசை இரண்டு மடங்கு ஆவதில்லை, நாலு மடங்கு ஆகிறது. வேறு ஊரில் நன்றாகப் பறந்த கிட் இங்கே வந்து தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். இன்னொரு காரணம் வெப்பம். மோட்டார் கம்பெனிகளின் அட்டவணையில் இருக்கிற எண்கள் குளிர்ந்த காற்றில் எடுத்தவையாக இருக்கலாம். 15 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 32 டிகிரிக் காற்று ஏறக்குறைய ஐந்தரை சதவீதம் லேசானது, அதே வேகத்தில் சுற்றினால் உந்துவிசையும் அந்த அளவுக்குக் குறையும், ஈரப்பதம் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம். சிமுலேஷனில் காற்றின் அடர்த்தி என்ற ஒரே எண்ணை மாற்றினால் நம் ஊர் வந்துவிடுகிறது.

அதிர்வு பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் லேபில் மாணவர்கள் ரொம்பத் திண்டாடியது அதில்தான். ஒரு குழு செய்த ட்ரோன் அந்தரத்தில் நிற்கும்போது நடுங்கியது. கேமராவில் எடுத்த வீடியோ நெளிந்து நெளிந்து வந்தது, தன்னால் ஒரு பக்கம் நகர்ந்துகொண்டே போனது. மோட்டார் கெட்டுப்போச்சு என்று நினைத்து மோட்டார் மாற்றினார்கள். ப்ரொப்பெல்லர் மாற்றினார்கள். ட்ரோனை நிலையாக நிறுத்தும் மின்னணுப் பலகையான ஃப்ளைட் கன்ட்ரோலரை மாற்றப் பணம் திரட்டிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் இன்னொரு பிள்ளை உட்கார்ந்து மோட்டாரைத் தாங்கி நிற்கும் குழாயை, அதாவது ட்ரோனின் கையை மட்டும் கால்குலிக்ஸில் வரைந்தாள், வெளி விட்டம் 16 மில்லிமீட்டர், சுவர் 1 மில்லிமீட்டர், 20 சென்டிமீட்டர் நீளம், நுனியில் மோட்டாரும் ப்ரொப்பெல்லருமாக 200 கிராம். அந்தக் கையின் இயல் அதிர்வெண், அதாவது தட்டிவிட்டால் அது தானாக ஆடும் எண்ணிக்கை, வினாடிக்கு 65-க்குப் பக்கம் என்று வந்தது. ட்ரோன் நிற்கும்போது மோட்டார் சுற்றுவது நிமிஷத்துக்கு 4,000 சுற்று, அதாவது வினாடிக்கு 67. ஊஞ்சலை அது ஆடுகிற தாளத்துக்கே தள்ளினால் எப்படி வீச்சு கூடுமோ அப்படித்தான் அந்தக் கை ஆடிக்கொண்டிருந்தது. ப்ரொப்பெல்லரில் இருக்கிற கொஞ்சூண்டு சமநிலைக் குறைவே போதும், எந்த மோட்டார் போட்டாலும் நடுங்கத்தான் செய்யும். குழாயை அதே சுவர்த் தடிமனில் 20 மில்லிமீட்டர் ஆக்கிப் பார்த்தாள். விறைப்பு இரண்டு மடங்கு, அதிர்வெண் 90-ஐத் தாண்டிவிட்டது. ஒரு கைக்கு நாலைந்து கிராம்தான் கூடுதல். குழாய் மாற்றிய பிறகு வீடியோ நேராக வந்தது. மோட்டாருக்கும் கன்ட்ரோலருக்கும் கொடுக்க இருந்த பணத்தோடு ஒப்பிட்டால் குழாயின் விலை ஒன்றுமே இல்லை. அந்தப் பிள்ளை பிற்பகலில் உட்கார்ந்து சாயங்காலம் பஸ்ஸுக்கு முன்னால் முடித்த வேலை இது.

பறக்கவிடும் பயிற்சியிலும் இதே கதைதான். ஆர்டுபைலட்டில் உண்மையான கன்ட்ரோலரில் ஓடும் அதே நிரலைக் கணினியில் ஓட்டலாம், ட்ரோனே தேவையில்லை. காற்றின் வேகம், திசை, கொந்தளிப்பு மூன்றையும் எண்ணாகக் கொடுக்கலாம். நடுவானில் ஒரு மோட்டார் நின்றால் என்ன ஆகும், ஜிபிஎஸ் போனால் என்ன செய்யும், பேட்டரி குறைந்தால் கரைக்குத் திரும்புமா, இதையெல்லாம் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். நாலு மோட்டார் ட்ரோனில் ஒன்று நின்றால் சாதாரணமாகத் தப்புவது கடினம், ஆறு மோட்டார் இருந்தால் சமாளித்துக் கீழே இறக்க வாய்ப்பு உண்டு. கடல் மேலே போகிற ட்ரோனுக்கு ஆறு மோட்டார் வைப்பதா என்ற முடிவை இப்படிக் கணினியில் பார்த்துவிட்டு எடுத்தால், கடலில் விழுந்த ட்ரோனைத் தேட யாரும் இறங்க வேண்டியிருக்காது. உப்புத் தண்ணீரில் விழுந்த மோட்டாரும் பேட்டரியும் திரும்ப உதவாது என்பது நம் கடற்கரை ஊர்களில் குழந்தைக்கும் தெரியும்.

இந்த இடத்தில் 2017 நவம்பர் 30-ஐ நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஒக்கிப் புயல் வந்த நாள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று வரிசையாக எத்தனை ஊர், எத்தனை வீடு. ஆழ்கடலுக்குப் போனவர்களைத் தேடச் சின்ன ட்ரோன் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது பொய்யான ஆறுதல். அந்தரத்தில் நிற்கிற ட்ரோன் அவ்வளவு தூரம் போகவே போகாது. இறக்கை வைத்த ட்ரோன் வேறு விஷயம். அதே 4 கிலோ, அதே பேட்டரி, ஆனால் இறக்கையின் தூக்குவிசை, காற்று பின்னுக்கு இழுக்கும் விசையைப்போல் பத்து மடங்கு இருக்கும்படி வடிவமைத்தால், மணிக்கு 65 கிலோமீட்டரில் பறக்க 140 வாட் பக்கம் போதும். ஒன்றேகால் மணி நேரம் பறக்கும். காற்றே இல்லாவிட்டால் 41 கிலோமீட்டர் போய்த் திரும்பி வரலாம். போகும்போதோ வரும்போதோ 40 கிலோமீட்டர் வேகக் காற்று எதிரே அடித்தால் இந்த 41 கிலோமீட்டர் 25 ஆகிவிடும், மற்றப் பக்கம் போகும்போது பின்காற்று தள்ளினாலும் இழந்த நேரத்தை அது ஈடுகட்டாது. ஆழ்கடலுக்கு 25 கிலோமீட்டர் எந்த மூலைக்கு? பெரிய இறக்கை, பெரிய பேட்டரி, இல்லை என்றால் பெட்ரோல் எஞ்சின் என்று போக வேண்டும். அதை வெட்டி ஒட்டிப் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது, செலவு தாங்காது. நூறு வகை இறக்கையை இரவெல்லாம் கணினியில் ஓடவிட்டு, காலையில் நல்லதாக இரண்டை மட்டும் எடுத்துச் செய்து பார்க்கலாம். புயல் அடிக்கும்போது அதுவும் பறக்காது, புயல் தாண்டிய மறுநாள் தேடப் பயன்படும். அந்த மறுநாள் எவ்வளவு முக்கியமானது என்று நம் கடற்கரைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும்.

இதெல்லாம் பெரிய ஊர்க் கல்லூரிகளுக்கு, ஐஐடிக்கு என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நம் மாவட்டத்திலிருந்து எட்டிப் பார்த்தால் ஒரு பக்கம் மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதிக்கிறார்கள், இன்னொரு பக்கம் திருவனந்தபுரத்தில் விக்ரம் சாராபாய் விண்வெளி மையம். இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன் சரக்கல்விளைக்காரர், 2025 ஜனவரியில் தலைவர் பொறுப்புக்கு வந்த வி. நாராயணன் மேலக்காட்டுவிளைக்காரர். ராக்கெட்டைச் சுற்றிக் காற்று எப்படிப் பாய்கிறது என்று கணக்கிட அந்தத் திருவனந்தபுரம் மையமே ப்ரவாஹா என்ற மென்பொருளை எழுதியது, ககன்யான் வேலைக்கும் அதைப் பயன்படுத்துகிறார்கள். கட்டமைப்பு உறுதிக்கு அவர்களுடைய ஃபீஸ்ட் மென்பொருள் இருக்கிறது. ஒரு ராக்கெட்டை ஏவி விழவைத்துக் கற்றுக்கொள்ளச் செலவு தாங்காது, அதனால்தான் கணக்கில் இவ்வளவு கவனம். நாகர்கோவிலிலிருந்து பஸ் பிடித்தால் போய்விடுகிற தூரத்தில் இந்த வேலையெல்லாம் நடக்கும்போது நம் பிள்ளைகள் மட்டும் ஏன் கிட் பூட்டிக்கொண்டிருக்க வேண்டும்? ஓப்பன்ஃபோம் கற்க மும்பை ஐஐடியின் ஃபாஸி திட்டத்தில் பாடங்கள் இலவசமாக இருக்கின்றன, அதே ஐஐடியின் ஸ்போக்கன் டுடோரியலில், இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் ஓடும் இயங்குதளமான லினக்ஸ் போன்ற அடிப்படைப் பாடங்கள் தமிழிலேயே கேட்கலாம்.

ஆனால் ஒரு ஆபத்தையும் சொல்லிவிட வேண்டும். சிவப்பும் நீலமுமாக அழகான படம் வந்துவிட்டால் கணக்கு சரி என்று பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள், வைவாவுக்கு வருகிற தேர்வாளர்கள் சிலரும் படத்தைப் பார்த்தே மார்க் போட்டுவிடுகிறார்கள். மெஷ் கட்டங்களின் அளவைப் பாதியாக்கி மறுபடி ஓட்டினால் விடை மாறுகிறதா என்று கேட்க வேண்டும். மாறினால் அந்தப் படத்தை நம்பக் கூடாது. அப்புறம் அளந்து பார்த்தீர்களா என்று கேட்க வேண்டும். இதற்குப் பெரிய கருவி வேண்டாம். மோட்டாரை ஒரு கனமான கட்டையில் பூட்டி, காற்று மேல்நோக்கிப் போகும்படி வைத்து, கட்டையை எலெக்ட்ரானிக் தராசில் நிறுத்தி ஓட்டினால், எடை கூடுகிற அளவுதான் உந்துவிசை. பக்கத்தில் ஒரு வாட் மீட்டர், முன்னால் ஒரு கம்பி வலை, கண்ணுக்குக் கண்ணாடி. 15 அங்குல ப்ரொப்பெல்லர் விரலை எடுத்துவிடும், அதனால் வலை இல்லாமல் யாரும் ஓட்டக் கூடாது. இப்படி அளந்த எண்ணும் கணினி சொன்ன எண்ணும் பத்து சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் மேலே போகலாம், போகாவிட்டால் காரணம் தேட வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் சின்ன ப்ரொப்பெல்லர்களைக் காற்றுச் சுரங்கத்தில் அளந்து எல்லோருக்கும் பொதுவில் வைத்திருக்கிறது. கணினிக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. உப்புக்காற்றில் பச்சை பூத்த இணைப்பு, பழசாகி உப்பிய பேட்டரி, ஒழுங்காக முறுக்காத திருகு, இவை எந்த சிமுலேஷனிலும் வராது. அதற்குக் கை வேலை தெரிந்த பிள்ளை வேண்டும், நம்மிடம் ஐடிஐ படித்த அப்படிப் பிள்ளைகள் நிறையவே இருக்கிறார்கள்.

கடல் மட்டும் இல்லை. ரப்பருக்கு இலையுதிர் நோய் வராமல் மழைக்கு முன்னால் மருந்து தெளிக்க ஆள் கிடைப்பது எவ்வளவு கஷ்டம் என்று குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிறவர்களைக் கேளுங்கள். ட்ரோனில் தெளிக்கலாம், ஆனால் கீழே தள்ளும் காற்று துளியை இலைக்குள் இறக்குகிறதா, பக்கத்துத் தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் கொண்டு போகிறதா என்பது உயரத்தையும் துளியின் அளவையும் பொறுத்தது. இதுவும் கணினியில் பார்க்கக் கூடிய கேள்விதான். சமவெளி வயலுக்குச் செய்த ட்ரோன் நம் மலைச்சரிவு ரப்பர் தோட்டத்துக்கு அப்படியே சரிப்படும் என்று எதிர்பார்க்க முடியாது.

இனி நான் கேட்பது. முதலாவது காற்று அளவீடு. தேங்காப்பட்டணம், குளச்சல், முட்டம், சின்னமுட்டம் துறைமுகங்களில் காற்றளவி வைத்து, பத்து நிமிஷ சராசரி இல்லை, வினாடிக்கு வினாடி அடிக்கிற சூறையையும் பதிவு செய்து, அந்த எண்களைக் கல்லூரிகளுக்குக் கொடுக்க வேண்டும். ட்ரோனைக் கவிழ்ப்பது சராசரிக் காற்று இல்லை, திடீரென்று வருகிற அந்தச் சூறைதான். சென்னையில் இருக்கிற தேசியக் காற்றாற்றல் நிறுவனத்துக்குக் கயத்தாற்றில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, காற்றளக்கும் அனுபவம் அவர்களிடம் ஏராளம், மாவட்ட நிர்வாகம் அவர்களிடம் பேசலாம். மீனவர்களுக்கும் அந்த எண்கள் நேராகவே பயன்படும், ட்ரோன் வருகிறதோ இல்லையோ. இரண்டாவது, மாவட்டத்தில் இத்தனை பொறியியல் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் இருக்கும்போது ஒவ்வொன்றும் தனித்தனியாகச் சின்னக் கணினி வாங்குவதற்குப் பதில், நாகர்கோவிலில் பொதுவாக ஒரு நல்ல கணினிக் கூடமும் ஒரு சோதனை மேசையும் வைத்து, எந்தக் கல்லூரிப் பிள்ளையும் பெயர் எழுதிவிட்டு வந்து பயன்படுத்தும்படி செய்யலாம். ப்ராஜெக்ட் மார்க்கிலும் பறந்ததா என்பதற்கு மட்டும் இல்லாமல், முன்கூட்டிக் கணித்தது எவ்வளவு, அளந்தது எவ்வளவு என்பதற்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும், அப்படிச் செய்தால் ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கி வருவது தானாகக் குறையும்.

அனுமதி கிடைக்காது என்று சில கல்லூரிகள் ஒதுங்குவதைப் பார்க்கிறேன். 2021 ட்ரோன் விதிகளில் அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் ஆராய்ச்சிக்கும் சோதனைக்கும் ட்ரோன் ஓட்டும்போது வகைச் சான்றிதழ், பதிவெண், ரிமோட் பைலட் உரிமம் ஆகியவற்றிலிருந்து விலக்கு இருக்கிறது. பச்சை மண்டலத்துக்குள் (முன் அனுமதி இல்லாமல் பறக்கக் கூடிய வான்வெளி), தங்கள் வளாகத்திலோ தங்கள் கட்டுப்பாட்டில் உள்ள திறந்தவெளியிலோ ஓட்ட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. எந்த இடம் பச்சை, எது மஞ்சள், எது சிவப்பு என்று வான்வெளி வரைபடத்தில் பார்த்துவிட்டு இறங்கலாம். கடல் மேலே கண்ணுக்கு எட்டாத தூரம் அனுப்புவதற்குத் தனி அனுமதி வேண்டும். முகத்துவாரத்து மீட்பு ட்ரோனுக்கு அந்தச் சிக்கல் பெரிதாக வராது, கரையில் நிற்கிறவர் கண்ணுக்கு முன்னால்தான் பறக்கிறது.

கடைசியாக, எங்கள் பிள்ளையின் லேப்டாப்பில் இதெல்லாம் ஓடுமா, புதுசு வாங்கித் தர வேண்டுமா என்று பெற்றோர் கேட்பார்கள், என்னிடம் தினமும் கேட்கிறார்கள். இப்போதைக்கு வாங்க வேண்டாம். கைக்கணக்குக்கும் எக்ஸ்ஃபாயிலுக்கும் எந்தப் பழைய லேப்டாப்பும் போதும், ஆர்டுபைலட் சிமுலேஷன் 8 ஜிபி ரேமில் நன்றாகவே ஓடும். கசீபோவுக்குக் கொஞ்சம் கிராஃபிக்ஸ் வேண்டும். ஓப்பன்ஃபோமுக்கு மெஷ்ஷில் 10 லட்சம் கட்டத்துக்கு ஏறக்குறைய 1 முதல் 2 ஜிபி ரேம் என்று வைத்துக்கொள்ளலாம், ஆகவே ப்ரொப்பெல்லரைத் தட்டாக வைத்துச் செய்யும் கணக்கு வீட்டு லேப்டாப்பிலேயே முடிந்துவிடும். அதற்கு மேல் போகிற பிள்ளைக்குத்தான் அந்தப் பொதுக் கூடம். லினக்ஸ் போடத் தெரியவில்லை என்றால் பக்கத்து வீட்டில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பிள்ளையைக் கேட்டால் போட்டுத் தந்துவிடும்.

இப்படிக்கு,
மெக்கானிக்கல் துறை ஆசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.